வாழைக்குப் பாய்ந்த பாட்டு

கம்பெனி என்று சொன்னதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வேலூர் பஜாரில் கிராமபோன் பெட்டி பழுது பார்க்கும் ஒரு கடை. அதன் சொந்தக்காரரான பாய் கம்பெனியில் ஒரு பாதி. தோல் பதனிடும் ஷாப்பில் கணக்குப்பிள்ளை வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் தவறாமல் அந்தக் கடைப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த நான் மறு பாதி. பெயர்ப் பலகை கிடையாது. பலகை எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே பாட்டுத் தட்டு எடுக்கும் வேலை வந்துவிட்டது.

அது வந்ததும் என் வாயால்தான். சாயங்காலங்களில் பாய் கடை வாசலில் பெட்டியை வைத்துப் பாட விடுவார். ஷாப்பு வேலை முடிந்து போகிறவர்கள், வண்டிக்காரர்கள் எல்லாரும் நின்று கேட்பார்கள். நாடகப் பாட்டு, கீர்த்தனை, ராஜபார்ட் வசனம். ஒருநாள் ஆவாரம்பட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் பொறுமையாக நாலு தட்டு கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் கீது பாய். ஏத்தப் பாட்டு ஒண்ணு போடு" என்றார்.

"அது தட்டுல வர்றதில்லப்பா."

"ஏன் வர்றதில்ல?"

பாய் பெட்டியின் சாவியைச் சுற்ற ஆரம்பித்தார். காரணம் எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாத இடத்தில் வாயைத் திறப்பது என் வழக்கம். "அடுத்த தடவை வா, நாங்களே போட்டு வெக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு போயிருக்கும். மறுவாரம் பெரிய கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு மதராஸிலிருந்து வந்தபோது பாய் இதைக் கேட்டுவைத்தார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கெணத்தடியில கத்தறதை எல்லாம் பாட்டுன்னு எவன் ஒத்துப்பான்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எங்களைக் கெடுத்தது. அவர் வெறுமனே இல்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்போம்.

பாய் அன்றே கடையைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தோஸ்த், போட்றோம். மொதத் தட்டே ஏத்தப் பாட்டுதான்."

மெஷின்காரர் ஒருவரைப் பிடித்தோம். பெங்களூரில் யாருக்கோ பதிவு செய்துவிட்டு மதராஸுக்குத் திரும்புகிறவர், ஒரு பகல் மட்டும் வேலூரில் தங்க ஒத்துக்கொண்டார். அவரிடம் மிச்சம் இருந்தவை பாட்டைப் பதியும் மூன்று மெழுகுத் தட்டுகள். ஒரு தடவை அதில் ஊசி ஓடிவிட்டால் அவ்வளவுதான், கெட்டது கெட்டதே. சாயங்காலம் காட்பாடியில் மெயிலைப் பிடித்தாக வேண்டும். அதற்குள் மூன்றில் ஒன்றாவது தேற வேண்டும்.

இடம் எங்கள் தோல் ஷாப்பு. வெள்ளிக்கிழமை என்பதால் வேலை கிடையாது. சாயபுமார் எல்லாம் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். கிடங்கில் பதனிட்ட தோல் கூரை முதல் தரை வரை தொங்கும். அங்கே நின்று கூப்பிட்டால் எதிரொலி துளிக்கூட வராது. மெஷின்காரர் உள்ளே வந்து ஒரு தடவை கை தட்டிப் பார்த்துவிட்டு, "மதராஸ்ல கூட இப்படி ரூம் கிடையாது" என்றார். பிறகு மூச்சை இழுத்தார். இழுத்த பிறகு சாயங்காலம் வரை மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை.

பாடுகிறவர் கணியம்பாடிப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். அவர் ஏற்றம் இறைத்தால் மூன்று கொல்லை தள்ளிக் களையெடுக்கிற பெண்கள் பதில் பாட்டுப் பாடுவார்கள் என்று பேர். ஏற்றத்தின் துலாமரத்தில் ஏறி மிதிக்கும் தம்பியையும் கூடவே அழைத்து வந்திருந்தார். பாய் ஜும்மா முடித்துத் திரும்பிய நேரத்துக்கு வந்து சேர்ந்தவர், முதல் பேச்சாகச் சொன்னது இது:

"ஊர் பூரா சொல்ட்டு வந்துக்கீறேன் கணக்குப்பிள்ள. பாட்டு தட்டுல ஏறாம நான் ஊர்ல ஏற மாட்டேன். இங்கியே ஷாப்புல ஒரு வேலை பாத்துக் குடுத்துடு."

"ஏறிடும், ஏறிடும்" என்றேன். நான் ஒரே வார்த்தையை இரண்டு தடவை சொன்னால் பயந்துவிட்டேன் என்று பாய்க்குத் தெரியும். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

முதல் தட்டு கிடங்கில் ஓடியது. மைக்கின் எதிரே பாடகர் நின்றார். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. கோர்ட்டில் சாட்சி சொல்கிறவரைப் போல ஒவ்வொரு அடியாக ஒப்பித்தார். தம்பி பக்கத்தில் நின்று, இழவுக்கு வந்தவன் மாதிரிப் பின்பாட்டுப் பாடினான். பாதியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

"அடுத்த அடி இன்னா?" என்று அண்ணன் கேட்ட கேள்வியும் மெழுகில் ஏறியது.

மெஷின்காரர் ஊசியைத் தூக்கினார். "கிராமத்துல இப்பிடித்தான் பாடுவாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"கால் நவுறாம வாய் வராது சாமி" என்றார் பாடகர், கொஞ்சமும் வெட்கப்படாமல். "தண்ணி மொண்ட சால் மேல வந்தாத்தான் அடி வரும். சால் எங்க?"

ஷாப்பின் பின்புறம் கிணறும் ஏற்றமும் இருந்தன, தோல் ஊறவைக்கும் தொட்டிகளுக்கு அதிலிருந்துதான் தண்ணீர். மெஷின்காரரிடம் நீளமான வயர் இருந்தது. மெஷின் கிடங்கு ஜன்னலோரம், மைக் கிணற்றடியில் என்று ஆயிற்று. தம்பி மூங்கில் ஏணியில் ஏறி மரத்தின் மேல் நின்றதும் இருவருக்கும் உயிர் வந்துவிட்டது. ஆரம்பிக்கலாம் என்று ஜன்னலில் வெள்ளைக் கைக்குட்டை ஆடியது. மூக்கில் இருந்த அதே கைக்குட்டைதான், பாவம், அந்த ஒரு நிமிஷம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அண்ணன் பாட, தம்பி மேலிருந்து வாங்கிக் கொடுக்க, மரம் கிறீச்சிட்டது, சால் ஏறியது, தண்ணீர் கொட்டியது. பாய் என் தோளைப் பிடித்து நசுக்கினார். ஏஜெண்டின் சிரிப்பெல்லாம் என் மனக்கண்ணில் சுருங்கிப்போயிற்று. அப்போது பாடகர், கொட்டிய தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று திரும்பிப் பார்த்தார். பாட்டு நின்றது. சால் கட்டிய கழியை விட்டுவிட்டார்.

"இன்னாது இது? தண்ணி தொட்டிக்குப் போவுது."

"ஆமா" என்றேன். "தோல் ஊறணுமே."

"தோலுக்கா நான் பாடறேன்?" அவர் கிணற்று மேட்டிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "பயிருக்குப் போவாத தண்ணிக்கு எங்க வீட்ல எவனும் பாடினதில்ல. தண்ணி பாய்ச்சாம வெறும் ஏத்தம் மிதிச்சாலே குடும்பத்துக்கு ஆவாது. இது அதுக்கும் மேல."

பாய் சமாதானத்துக்கு வந்தார். "அண்ணே, அந்தத் தோல் ஒரு காலத்துல மாடுதானே? அது புல்லு தின்னுச்சு, புல்லு தண்ணி குடிச்சுது. எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப அந்த மாட்டயே பாடச் சொல்லு பாய்."

இரண்டாவது தட்டும் போயிற்று. மெஷின்காரர் ஜன்னல் வழியே ஒரு விரலை மட்டும் காட்டினார். மிச்சம் ஒன்று என்று அர்த்தம். என் உள்ளங்கை வேர்த்தது. எனக்குப் பயம் வந்தால் முதலில் உள்ளங்கை, பிறகு முழங்கால், கடைசியில் வாய். வாய் மட்டும் நிற்காது, அர்த்தமில்லாமல் ஓடும். "மதராஸ்ல கீரை விக்கிறவங்க கூடப் பாடறாங்க, கீரையும் பயிர்தானே" என்று ஏதோ உளறினேன். அந்த உளறலில்தான் வழி கிடைத்தது. காவல்காரர் சம்சாரம் ஷாப்புச் சுவர் ஓரமாகக் கீரைப்பாத்தி போட்டிருந்தாள்.

அவளைப் போய்க் கேட்டோம். அவள் பாத்தியைக் காட்டினாள்.

"காலைலதான் தண்ணி காட்டினேன். இன்னும் வுட்டா வேர் அழுவிடும். பாட்டுக் கேட்டா கீரை பொழைக்குமா?"

"கொஞ்சூண்டு தண்ணிதாம்மா. மூணு நிமிஷம்" என்றார் பாய்.

"கொஞ்சூண்டு தண்ணிக்கு எதுக்கு இத்தினி பேர், இத்தினி வயரு?" அவள் எங்கள் எல்லாரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். என் வேர்வையைப் பார்த்து இரக்கம் வந்ததோ என்னவோ. "அதோ அந்தக் கொல்லை வாழைக்கு வுட்டுக்கோ. எவ்ளோ வுட்டாலும் குடிக்கும்."

வாழை கிணற்றிலிருந்து நல்ல தூரம். வாய்க்கால் கிடையாது. பாய் ஜும்மாவுக்குப் போட்டுக்கொண்டு போய்வந்த சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், லுங்கியை மடித்துக் கட்டினார், மண்வெட்டியை எடுத்தார். கிராமபோன் ஸ்பிரிங்கைத் தவிர வேறெதையும் தொடாத கை. ஆனால் அன்று அவர் வெட்டியதைப் பார்த்தால் ஷாப்பு முதலாளி சாயபு அவருக்கு அங்கேயே வேலை போட்டுக் கொடுத்திருப்பார். "இன்னிக்கு இந்தத் தட்டு எடுக்காம நான் கடைய தொறக்க மாட்டேன்" என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொல்லிக்கொண்டே வெட்டினார்.

நாங்கள் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது தம்பிக்கு வேலை இல்லை. ஷாப்பைச் சுற்றிப் பார்க்கப் போனான். தோலில் மயிர் நீங்குவதற்காக ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியின் மேல் வெள்ளையாக ஏடு படிந்திருக்கும். புதிதாக வருகிறவன் கண்ணுக்குச் சிமிட்டித் தரை மாதிரி. அவன் அதன்மேல் நடக்கப் போய்விட்டான். ஒரு கால் கணுக்கால் வரை இறங்கியதுமே கத்திக்கொண்டு வெளியே வந்தான். தண்ணீர் விட்டுக் கழுவினோம். புண் இல்லை, ஆனால் பாதம் சிவந்து எரிந்தது. காவல்காரர் சம்சாரம் ஒரு சின்னத் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் காலை வைத்து அவனை உட்காரவைத்தாள்.

"தளம் போட்டு வெச்சுக்கீறாங்கன்னு நெனச்சேன்" என்றான்.

அண்ணன் தலையிலடித்துக்கொண்டார். "நெனப்பே நீ. இப்ப எவன் மிதிப்பான்?"

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். தம்பி தொட்டித் தண்ணீரில் காலை வைத்தபடியே தீர்ப்புச் சொன்னான்: "பாய் ஏறினா மரம் மறுபடி எழுந்திரிக்காது. வெயிட் ஜாஸ்தி." பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுப் பரண் மேலிருந்து ஒரு பாத்திரம் எடுக்க வேண்டுமென்றால் என் மனைவிதான் ஸ்டூலில் ஏறுவாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன், கண்ணை மூடிக்கொண்டு. கோட்டை மதில்மேல் காற்று வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்கு வீட்டில் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று நினைப்பேன். அப்படிப்பட்டவனை இரண்டு ஆள் உயரத்தில் ஒற்றை மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடக்கச் சொல்கிறார்கள்.

"எனக்குக் கால் கொஞ்சம்..." என்றேன்.

"கால் எல்லாருக்கும் கொஞ்சம்தான்" என்றார் பாடகர். "ஏறு கணக்குப்பிள்ள. இல்லன்னா எனக்கு வேலை பாத்துக் குடு. மாசச் சம்பளம் இன்னா தருவீங்க?"

ஜன்னலில் மெஷின்காரர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். பாய் மண்வெட்டியோடு நின்றார். வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். ஏணியில் காலை வைத்தேன்.

விரிஞ்சிபுரத்துச் சாமிக்கு வழித்துணை நாதர் என்று பேர். ஏணியின் பாதியில் அவரைக் கூப்பிட்டேன். மேலே போன பிறகுதான் நினைவு வந்தது: அவர் வழிக்குத்தான் துணை, மரத்துக்கு என்று யாரும் சொன்னதில்லை. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு மூங்கில் கட்டியிருந்தது. அதைப் பிடித்தேன் என்று சொல்வது சரியல்ல, கட்டிக்கொண்டேன்.

"கீழ பாக்காத" என்று தொட்டியிலிருந்து தம்பி சொன்னான். "கெணத்துப் பக்கம் நாலடி நட, சால் எறங்கும். வால் பக்கம் திரும்பி நட, சால் ஏறும். அண்ணன் பாட்ற கடைசி வார்த்தைய நீயும் பாடு. அவ்ளோதான். எங்க வீட்டு ஆடு கூட ஏறும்."

இரண்டு தடவை சும்மா மிதித்துக் காட்டச் சொன்னார்கள். இறைத்த தண்ணீரை வீணாக்காமல் வாழைக்கே விட்டார்கள். நான் செத்துப்போகவில்லை. இதற்கு மேல் தாமதிக்க நேரமில்லை என்று மெஷின்காரர் கத்தினார். மூன்று நிமிஷத்தில் கைக்குட்டை கீழே விழும், அப்போது பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்றார்.

"சால் கணக்கு ஒரு சுத்து முடியாம நான் நிறுத்த மாட்டேன்" என்றார் பாடகர்.

"தட்டு நின்னுடும்."

"உன் மெஷின் நிக்கட்டும் சாமி. நான் ஏன் நிக்கணும்?"

கைக்குட்டை ஆடியது. அவர் ஆரம்பித்தார். அந்தக் குரலை மேலிருந்து கேட்டவன் நான் ஒருவன்தான். அது கிணற்றுக்குள் போய் மோதி, மரத்தின் வழியாக என் உள்ளங்காலுக்குள் ஏறியது. பாட்டிலேயே சாமி கும்பிட்டு முடித்து, சால் எண்ணத் தொடங்கினார். நான் நடந்தேன், திரும்பினேன், நடந்தேன். பின்பாட்டு மட்டும் வாயிலிருந்து வரவில்லை. வெறும் காற்று வந்தது. தொட்டியிலிருந்து தம்பி இரண்டு கையையும் ஆட்டினான். பாடகர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அடுத்த அடியை அங்கேயே கட்டினார்.

"கணக்கெழுதும் கையிக்குக்
கழி புடிக்கத் தெரியலையே..."

அதை நான் திருப்பிப் பாட வேண்டும். என்னைத் திட்டுவதை நானே ஆமாம் போட வேண்டும். "தெரியலையே" என்று ஒரு குரல் வந்தது. அது என்னுடையதுதான். பாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"மண்டியில எடை போட்டார்
மரத்து மேல ஆடுறாரே..."

"ஆடுறாரே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். தப்பு அங்கேதான் நடந்தது. வார்த்தைக்கு ஏற்றாற்போல் கீழே பார்த்துவிட்டேன்.

சால் கிணற்றுக்குள் நிரம்பி நின்றது. நான் மரத்தின் நடுவில் நின்றேன். வால் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தால்தான் சால் மேலே வரும். முழங்கால் வர மறுத்தது. கீழே பாடகர் கழியைப் பிடித்துக்கொண்டு 'ஆடுறாரே'யின் கடைசி எழுத்தில் நின்றார். சால் வராமல் அடுத்த அடிக்குப் போக அவருக்கு வழியில்லை. நிறுத்தினால் தட்டு போச்சு. அதனால் இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். குரல் மேலே ஏறியது, ஒரு வளைவு வளைந்தது, இறங்கி, மறுபடி என்னைத் தேடிக்கொண்டு ஏறியது. அவர் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். மூச்சு இன்னும் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

தம்பி வாயைத் திறக்காமல் வாழையைக் காட்டினான். நான் வாழையைப் பார்த்தேன். அதன் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, வெயிலில் பளபளத்தது. விழுந்தால் விழட்டும், அந்த மனிதர் மூச்சு நிற்பதற்குள் விழுவோம் என்று முடிவு செய்தேன். வலது காலை எடுத்து வைத்தேன். மரம் முனகியது. இடது காலும் வந்தது. வால் இறங்கியது, சால் ஏறியது, தண்ணீர் தடாலென்று கொட்டியது. பாடகர் மூச்சை ஒரு தடவை இழுத்து, அடுத்த அடிக்குத் தாவினார். நானும் தாவினேன், குரலால் மட்டும். இன்னும் சில சால்கள். கைக்குட்டை விழுந்தது.

மெஷின்காரர் ஓடிவந்தார். "ஏறிடுச்சு. பூராவும் ஏறிடுச்சு" என்றார். பாய் அவரைக் கட்டிக்கொண்டு, சேறு படிந்த கையால் அவர் கோட்டைக் கெடுத்தார். மெழுகுத் தட்டைப் பெட்டியில் வைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு இருவரும் ஜட்காவில் ஏறினார்கள்.

ஜட்கா வாசலைத் தாண்டுவதை நான் மேலிருந்து பார்த்தேன். ஏனென்றால் நான் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தேன். பாடகர் நிறுத்தவே இல்லை. சுற்று முடியவில்லையாம்.

"போதும், எறங்கறேன்" என்றேன்.

"வாழைக்குப் பாதி கூட போவல. மிதி."

மிதித்தேன். இப்போது கெடுவதற்குத் தட்டு எதுவும் இல்லாததால் பின்பாட்டு தாராளமாக வந்தது. காவல்காரர் சம்சாரம் வாழையடியில் நின்று, "போதும்டாப்பா, அதுக்கும் வேர்தானே" என்று சொல்லும் வரை மிதித்தேன். இறங்க ஏணி வைத்தபோது மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. தம்பியும் ஈரக்காலோடு வந்து பிடித்தான்.

கல்கத்தாவிலிருந்து தட்டு அச்சாகி வந்த நாளில் பாடகருக்குச் சொல்லி அனுப்பினோம். கடை வாசலில் கூட்டம். பாய் ஊசியைத் துடைத்துத் தட்டின் மேல் வைத்தார். பாட்டு வந்தது, மரத்தின் கிறீச்சும் வந்தது, தண்ணீரும் வந்தது. அந்த நீண்ட இழுப்பு வந்தபோது டவுன்காரர்கள், "என்ன சாரீரம்" என்று தலையாட்டினார்கள். பின்னால் நின்ற ஏற்றக்காரர்கள் மட்டும் சிரித்துவிட்டார்கள். "மேல எவனோ மாட்டிக்கினான்" என்றார் ஒருவர். நான் பெஞ்சுக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

பாடகர் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டார். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். பிறகு பெட்டியிலிருந்து தட்டைத் தாமே எடுத்தார், திருப்பினார். மறுபக்கம் ஒரு கோடுகூட இல்லாமல் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் காலியா கீதே."

"மெழுகு இருந்தது அவ்ளோதாண்ணே" என்றார் பாய்.

"மீதிச் சுத்து இதுல வரணும். அரைப் பாட்ட எவன் வீட்டுக்கு எடுத்துக்கினு போவான்?" தட்டைப் பாயிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பிக்குக் கால் ஆறிடுச்சு. ஆனா அவன் வாணாம். ரெண்டு பக்கமும் ஒரே ஆள் குரல் இருக்கணும்."

பாய் என்னைப் பார்த்தார். அவர் கை ஏற்கெனவே மேஜை இழுப்பறைக்குள் மெஷின்காரரின் விலாசத்தைத் தேட ஆரம்பித்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, ஷாப்பில் ஆளில்லாத நேரம் பார்த்து, மிதித்துப் பழகக் கிணற்றடிக்குப் போய் ஏணியைச் சாய்த்தேன். காவல்காரர் சம்சாரம் எட்டிப் பார்த்தாள். சும்மா மிதிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும் என்பதால், போகிற வழியிலேயே மண்வெட்டியை எடுத்து வாழைக்கு வாய்க்காலைத் திறந்துவிட்டிருந்தேன்.